பரியத்தில் கட்டின ஃபீஸ்

எங்கூட்டுக்காரர் பேரு கருப்பண்ணன். இந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது போன புரட்டாசியிலதான். அதுக்கு முந்தி எட்டு வருசம் குடித்தனம் பண்ணியும் ஒருதரம் சொன்னதில்லைங்க. கொல்லிமலையில எங்க ஊர்ப் பக்கம் கட்டினவன் பேரைப் பொம்பளை சொல்ல மாட்டா. இப்பச் சொல்லலாமான்னு கேட்டா அதுவும் எனக்குச் சரியாத் தெரியல. கோவத்துல ஒருதரம் வந்துருச்சு, அப்புறம் வாய்க்குப் பழகிப் போச்சு.

என் பேரு பெருமாயி. சோளக்காட்டுல பஸ் நிக்கிற இடத்துல பழம் வித்தவ. அன்னாசி, பலா, மலைவாழை, காலம் வந்தா மிளகு. கீழ இருந்து கார்ல வர்றவன் பாதி விலைக்குக் கேட்டான்னா, அவன் பொண்டாட்டி காதுல விழுற மாதிரி நல்லாக் கேட்டு அனுப்புவேன். என் வாய்க்குப் பயந்தே பக்கத்துக் கடைக்காரங்க ரெண்டடி தள்ளித்தான் சாக்கு விரிப்பாங்க. அப்படி இருந்தவ இருபத்தெட்டு வயசுல நர்ஸுப் படிக்கப் போனேன். கெரகம் புடிச்சவன்னுதான் ஊரே சொல்லுச்சு.

எங்க ஊருக்குன்னு இருந்த நர்ஸம்மா மலைக்குக் கீழ இருக்கிற கீழ் நாட்டுக்காரங்க. வாரத்துல ஒருநாள் வந்தாப் பெரிசு. கடைசி பஸ்ஸு போயிருமேன்னு பாதி ஊசியோட கிளம்பிருவாங்க. ஒருதரம் என் கடையில பழம் வாங்கறப்ப, நான் பத்தாவது பாஸுன்னு தெரிஞ்சு, மலைக்காரப் பொண்ணு படிச்சா மலையிலேயே வேலை போடுவாங்க, நீ ஏன் இங்க உக்காந்து ஈ ஓட்டறேன்னு கேட்டுட்டுப் போனாங்க. அந்தப் பேச்சு எனக்குள்ள நின்னு போச்சு. அந்த வருசம் மிளகு நல்ல விலை. மிளகு விலை ஏறினா எங்களுக்கு எல்லாமே நடக்கும்னு தோணும். கவர்மெண்ட்டு பள்ளியில இடம் கிடைக்கல. நாமக்கல்ல ஒரு தனியார் நர்சிங் பள்ளியில சேர்ந்தேன். ஒன்றரை வருசப் படிப்பு, மூணு தவணையா ஃபீஸு. முத தவணையை மிளகு வித்து அவரே கொண்டுவந்து கட்டினாரு. மக சத்யாவையும் கடையையும் அவரே பாத்துக்கறேன்னாரு.

கிளாஸ்ல நான்தான் பெரியவ. மத்ததெல்லாம் பதினேழு, பதினெட்டு வயசுப் புள்ளைங்க. எங்களுக்குப் பாடம் நடத்தின ருக்குமணி மேடமே என்னைவிடச் சின்னவங்க. அவங்க என்னை வா போன்னாங்க, நான் அவங்களை வாங்க போங்கன்னேன். முதல் மாசம் அதுக்கே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்புறம் எலும்புப் பாடம். இருக்கிறது ஒரு கைதான், அதுக்குள்ள இருக்கிற எலும்புக்கு எத்தனை பேரு வச்சிருக்கான். எல்லாம் இங்கிலீசு. பக்கத்துக் கட்டில் கோகிலவாணி, சேந்தமங்கலத்துப் பொண்ணு, தமிழ்ல எழுதிக் குடுப்பா. அதை மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பேன், மறுநாள் பாதி காணாமப் போயிரும். ஊசி பழகறதுக்கு ஆளுக்கொரு சாத்துக்குடி குடுத்தாங்க. பழம் வித்தவளுக்கு நல்ல பழத்தைக் குத்த மனசு வருமா? நான் எனக்கு அழுகலா ஒண்ணு கேட்டு வாங்கினேன். புள்ளைங்க சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் புடிச்சிக்கிட்டுதுங்க.

ஹாஸ்டல் ரிஜிஸ்டர்ல வீட்டுக்காரர் பேரைச் சொல்லச் சொல்லிக் கேப்பாங்க. நான் கோகிலவாணி மூஞ்சியைப் பாப்பேன், அவதான் சொல்லுவா. வார்டனம்மாவுக்கு அது ஒரு வேடிக்கை. வேணும்னே கேப்பாங்க.

ஆடி மாசம் எங்க ஊர் மாரியாயிக்கு நோம்பி, திருவிழா. ஊட்டுக்கு ஒரு பொங்கப் பானை. அந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டவதான் வைக்கணும், வேற கை படக்கூடாது. எனக்கு அன்னைக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. லீவு கேட்டேன், ருக்குமணி மேடம் குடுக்கல. நோம்பி பாத்துட்டா நோயாளிக்குக் காய்ச்சல் வருதுன்னு கேட்டாங்க. நியாயந்தான். சோளக்காட்டு எஸ்டிடி பூத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவரு சரின்னாரு. எங்கூட்டுப் பானை அந்த வருசம் கோயில் முன்னால இல்ல. நான் அதை அதோட மறந்துட்டேன்.

புரட்டாசி பொறந்ததும் ரெண்டாம் தவணைக்கு நோட்டீஸு ஒட்டிட்டாங்க. கட்டாதவங்க பரீட்சை எழுத முடியாது, பேரை எடுத்துருவோம்னு. அதுக்குள்ள மிளகு விலை பாதிக்கும் கீழ போயிருச்சு. எலும்பு பேரைப் படிக்கப் புத்தகத்தைத் தொறந்தா எலும்பே தெரியல, நோட்டீஸுதான் தெரியுது. எங்கப்பன் சின்னக்கண்ணுகிட்ட முன்னாடியே கேட்டிருந்தேன். அவரு அப்பத்தான் தோட்டத்து மரத்தை வித்துக் கையில பணம் வச்சிருந்தாரு. எங்களுக்குள்ள வரதட்சணைங்கிறது கிடையாது. மாப்பிள்ளை ஊட்டுலதான் பொண்ணைப் பெத்தவனுக்குப் பரியம் குடுத்துக் கூட்டிட்டுப் போவாங்க. அதைச் சொல்லித்தான் எங்கப்பன் கையை விரிச்சாரு. பரியம் வாங்கிப் பொண்ணை அனுப்பியாச்சு, இனி உனக்குச் செலவு பண்றது உன் ஊட்டுக்காரன் பாடு, நான் எதுக்குப் பண்ணணும்னு. பெத்த வயிறு இல்லை, காசு முடிஞ்சு வச்ச மடிசீலைன்னு திட்டிட்டு வந்தேன்.

எங்கூட்டுக்காரருக்குப் போன் போட்டேன். படிப்பை விட்டு நின்னுரட்டா, கடைக்கே வந்துரட்டான்னு கேட்டேன். அவரு அதிகம் பேசற ஆளில்ல. "நீ படி புள்ள. ஒரு வழி இருக்கு"ன்னு மட்டும் சொன்னாரு. என்ன வழின்னு கேக்கறதுக்குள்ள போனை வச்சுட்டாரு.

அடுத்த வாரம் ஆபீஸ்ல கூப்பிட்டு ரசீது குடுத்தாங்க. ரெண்டாம் தவணை முழுசாக் கட்டியாச்சு. உன் வீட்டுக்காரர் காலையில வந்து கட்டிட்டுப் போனாரேன்னு கிளார்க்கு சொன்னாரு. எனக்கு ஒரு சீப்பு மலைவாழையும் வச்சுட்டுப் போயிருந்தாரு. நான் இருந்தது எதிர்க் கட்டடத்துலதான். ஒரு எட்டு வந்து பாக்காம ஏன் போனாரு? பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும்னு கோகிலவாணி சொன்னா. மலைக்குப் போற பஸ்ஸு நேரமெல்லாம் எனக்குத் தெரியாதா? சந்தோசப்படறதா சந்தேகப்படறதான்னு தெரியாம அந்தப் பழத்தை முழுசா நானே தின்னேன்.

ஞாயித்துக்கிழமை எங்கப்பன் வந்தாரு. நான் சேர்ந்ததுல இருந்து அந்தப் பக்கமே எட்டிப் பாக்காத மனுசன், கையில முறுக்குப் பொட்டலத்தோட வந்து நின்னாரு. "லீவு விட்டா இனி நேரா நம்ம ஊட்டுக்கு வந்துரு கண்ணு. அங்க போகாத. தீத்தாச்சு"ன்னாரு.

எதைத் தீத்தாச்சு? கேக்கக் கேக்கத்தான் சொன்னாரு. எங்க ஊர்க்கட்டுச் சட்டத்துல நோம்பிக்குப் பானை வைக்க வராத பொண்டாட்டி ஊட்டை விட்டுப் போனவன்னு கணக்கு. புருசன்காரன் ஊரைக் கூட்டிக் கேட்டா, பொண்ணைப் பெத்தவன் பரியத்தைத் திருப்பிக் கொடுக்கணும். கொடுத்துட்டா உறவு முடிஞ்சுது. எங்கூட்டுக்காரரு ஊரைக் கூட்டிக் கேட்டிருக்காரு. எங்கப்பன் ரோசக்காரன். ஊர் முன்னால பணத்தை எண்ணி வச்சுட்டு, இனி என் பொண்ணு உன் வாசப்படியை மிதிக்க மாட்டான்னு சொல்லிட்டு வந்துட்டாரு. படிக்கப் போன பொண்டாட்டியைப் பானை வைக்கலைன்னு தள்ளிட்டான் பாரு, அவன் ஒரு மனுசனான்னு என்கிட்டக் கேட்டாரு.

பையில ரசீது இருக்கு. அந்த ரசீதுக்கும் இந்தப் பேச்சுக்கும் நடுவுல என்னமோ இருக்குன்னு தெரியுது, என்னன்னு பிடிபடல. லீவு எழுதப் போனேன். யாரைப் பாக்கப் போறே, வீட்டுக்காரர் பேரு என்னன்னு வார்டனம்மா எப்பவும் போலச் சிரிச்சிக்கிட்டே கேட்டாங்க. கோகிலவாணி வாயைத் திறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன். கருப்பண்ணன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துருச்சு. வார்டனம்மா சிரிப்பை நிறுத்திட்டாங்க.

பஸ்ஸுல எங்கப்பன் பக்கத்துலதான் உக்காந்து வந்தேன். மலை ஏற ஏற எனக்கும் கோவம் ஏறுச்சு. எங்கூட்டுக்காரரைப் பாத்ததும் என்னென்ன கேக்கணும்னு ஒவ்வொரு வளைவுக்கும் ஒண்ணு சேத்து வச்சேன். சோளக்காட்டுல இறங்கி, போகாதே போகாதேன்னு எங்கப்பன் கத்தக் கத்த, நேரா எங்க ஊட்டுக்குத்தான் போனேன்.

அவரு வாசல்ல மரவள்ளிக் கிழங்கு பரப்பிக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, துண்டைத் தோள்ல இருந்து எடுத்துக் கையில வச்சிக்கிட்டு, "வாங்க"ன்னாரு. எட்டு வருசமா வா புள்ள, போ புள்ளன்னு சொன்ன வாயி. ஊரான் ஊட்டுப் பொண்ணுகிட்டப் பேசற மரியாதை. சேத்து வச்சதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில எனக்கு மறந்து போச்சு.

உள்ள போகக் கால் வச்சேன். அவரு குறுக்க வந்து நின்னாரு. தடுக்கல, நின்னாரு, அவ்வளவுதான். சத்யா ஓடி வந்து என் கையைப் பிடிச்சு உள்ள இழுத்தா. பிரிஞ்சா குழந்தை தகப்பனுக்குங்கிறதும் ஊர்க்கட்டுதான். நான் வாசப்படிக்கு வெளிய நின்னேன், என் மக உள்ள நின்னு இழுத்தா. என்னடா இது கூத்து.

ரசீதை எடுத்து அவரு முன்னால நீட்டினேன். இது எந்தப் பணம்னு கேட்டேன்.

"உங்கப்பாகிட்ட இருந்துச்சு. மகளுக்குக் கேட்டாக் குடுக்க மாட்டேன்னாரு. ஊர் சொன்னாக் குடுப்பாரு. அதான் ஊரைச் சொல்ல வச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடி பரியம் குடுத்துக் கூட்டிக்கலாம்னு."

"எதைக் குடுத்து?"

அவரு மரத்துல ஏறின மிளகுக் கொடியைப் பாத்தாரு. விலை ஏறும்னாரு.

இந்த மாதிரி ஒரு யோசனை எங்க மலையில பொறந்தவனுக்கு மட்டுந்தான் வரும். கீழ் நாட்டுல நகையை அடகு வைப்பான், நிலத்தை வைப்பான். இவரு கல்யாணத்தை வச்சிருக்காரு. மீட்டுக்கலாம்னு நினைச்சு வச்சிருக்காரு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கிழங்கையெல்லாம் வாரி எறிஞ்சேன். எறிஞ்சுக்கிட்டே இருக்கும்போது, நான் படிக்கணும்னு இவரு இவ்வளவு தூரம் போயிருக்காரேன்னு உள்ளுக்குள்ள குளுகுளுன்னும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி வருதுன்னு எனக்கே புரியல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லன்னு கேட்டேன். சொல்லியிருந்தா நீங்க படிப்பை விட்டுட்டு வந்திருப்பீங்கன்னாரு. வந்திருப்பேன். அதுவும் உண்மைதான்.

ஊரைக் கூட்டி நியாயம் சொல்ற ஊர்க்கவுண்டர் ஊட்டுக்குப் போனேன். அவரு நல்ல மனுசன், என்னைப் பாத்ததும் அவருக்கே சங்கடம். மூணுதரம் கேட்டேம்மா, அவன் மூணுதரமும் ஆமான்னான், நான் என்ன பண்றதுன்னாரு. மறுபடி சேரணும்னா என்ன வழின்னு கேட்டேன். ரொம்ப நேரம் தாடையைச் சொறிஞ்சாரு. எந்தப் பொண்ணையும் கேக்கற மாதிரி அவன் வந்து முறையாக் கேக்கணும், எவ்வளவு பரியம்னு பொண்ணைப் பெத்தவன் சொல்லணும்னாரு. அதே ஆளு அதே பொண்ணை ரெண்டாந்தரம் கேட்டு எனக்குத் தெரிஞ்சு நடந்ததில்ல, செல்லும்னுதான் நினைக்கிறேன்னும் சொன்னாரு. ஊர்க்கட்டைச் சொல்ல வேண்டியவரே நினைக்கிறேன்னு சொன்னா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?

அன்னைக்குச் சாயங்காலம் எங்கப்பன் ஊட்டுல சாமைச் சோறு தின்னுக்கிட்டே யோசிச்சேன். யோசிக்க யோசிக்க ஒண்ணு மட்டும் தெளிவாச்சு. நான் இப்ப யாரு ஊட்டுப் பொண்ணுன்னு எங்கப்பனைக் கேட்டேன். இதென்ன கேள்வி, என் ஊட்டுப் பொண்ணுன்னு நெஞ்சைத் தட்டினாரு. அப்பத் தை மாசம் மூணாம் தவணை வருது, நீங்கதான் கட்டணும்னேன். வாயில வச்ச வெத்தலை அப்படியே நின்னு போச்சு. கட்டிக் குடுத்த பொண்ணுக்குச் செலவு பண்ண மாட்டேன்னுதான சொன்னீங்க, இப்ப நான் கட்டிக் குடுத்த பொண்ணு இல்லியே, வேணும்னா ஊர்க்கவுண்டரைக் கூட்டிக் கேப்போமான்னேன். சோளக்காட்டுச் சந்தையில என்கிட்டப் பேரம் பேசி ஜெயிச்சவன் கிடையாது. மென்னு முழுங்கிட்டுச் சரின்னாரு. ஜெயிச்சுட்டேன். ஆனா ஜெயிச்ச சந்தோசம் ஒரு துளி வரல. சத்யா பக்கத்துல இல்லாம எனக்குத் தூக்கமும் வரல.

மறுநாள் காலையில பஸ்ஸுக்குச் சோளக்காடு வந்தோம். ஹாஸ்டல் சாப்பாட்டுப் பணம் கொஞ்சம் பாக்கி இருந்துச்சு. அதைக் கட்ட எங்கப்பனும் புலம்பிக்கிட்டே கூட வந்தாரு. நான் பழம் வித்த இடத்துல என் சாக்கை விரிச்சு எங்கூட்டுக்காரரு உக்காந்திருந்தாரு. சத்யா மடியில. அன்னாசியைத் தலைகீழா அடுக்கி வச்சிருந்தாரு, எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அது வராது. போய் எல்லாத்தையும் திருப்பி வச்சேன். எங்கப்பன் இருமினாரு. நான் காதுல போட்டுக்கல.

"படிச்சு முடிங்க. அதுக்குள்ள நான் சேத்துருவேன்"னாரு அவரு.

"எவ்வளவு சேப்பீங்க?"

"தெரியலீங்க. உங்கப்பா இன்னும் சொல்லல."

நான் எங்கப்பன் பக்கம் திரும்பினேன். என் பரியம் எவ்வளவுன்னு நேராவே கேட்டேன். எங்கப்பன் எங்க ரெண்டு பேரையும் பாக்கல, ரோட்டைப் பாத்தாரு. இப்ப என்ன அவசரம்னாரு. அப்புறம் மெதுவா, "படிப்பு முடியட்டும். நர்ஸுப் பொண்ணுன்னா அது வேற பேச்சு"ன்னாரு.

எங்கூட்டுக்காரரு முகத்தைப் பாத்தேன். அவருக்கும் விளங்கிருச்சு. முன்ன என்னைக் கேட்டப்ப நான் பழம் விக்கிற பொண்ணு. இப்ப ஒவ்வொரு பரீட்சையும் நான் பாஸ் பண்ணப் பண்ண எங்கப்பன் கேக்கற தொகை ஏறும். அவரு கட்டின ஃபீஸுலயே நான் அவருக்கு எட்டாத தூரத்துக்குப் போய்க்கிட்டு இருக்கேன். பெயிலானா அவரு பட்ட பாடும் போச்சு, மிளகும் போச்சு, என் பரியமும் போச்சு. பாஸானா அவரே போச்சு. எதுக்குப் படிக்கிறதுன்னு அந்த நிமிசம் எனக்குத் தெரியலைங்க.

பஸ்ஸு கிளம்ப ஹார்ன் அடிச்சாங்க. ஏறி ஜன்னலோரம் உக்காந்தேன். எங்கப்பன் பக்கத்துல. பஸ்ஸு நகரும்போதுதான் எனக்கு அது வந்துச்சு. தலையை வெளிய நீட்டிக் கூப்பிட்டேன்.

"கருப்பண்ணா."

சந்தையே திரும்பிப் பாத்துச்சு. அவரு சத்யாவைத் தூக்கிக்கிட்டுப் பஸ்ஸு கூடவே நடந்து வந்தாரு.

"வேலை கிடைச்சுச் சம்பளம் வந்ததும் என் பரியத்தை நானே தாரேன். நீ கொண்டுபோய் எங்கப்பன் கையில குடு."

அவரு நடந்துக்கிட்டே யோசிச்சாரு. "அது செல்லுங்களா?"ன்னு கேட்டாரு.

தெரியலைன்னேன். ஊர்க்கவுண்டர்கிட்டக் கேட்டு வை, சத்யாவுக்குத் தலையை ஒழுங்காப் பின்னி விடுன்னேன். பஸ்ஸு வேகம் எடுத்துருச்சு. திரும்பிப் பாத்தப்ப அவரு ரோட்டு நடுவுல நின்னு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருந்தாரு. சத்யா மட்டும் கையை ஆட்டினா.

மடியில எலும்புப் பாடத்தை விரிச்சேன். எழுத்தெல்லாம் வளைவுக்கு வளைவு ஆடுது. நானே பரியம் குடுத்து நானே போனா, அதுக்குக் கல்யாணம்னு பேரா வேற என்னமோவா? வாங்கறவ யாரு, போறவ யாரு? நினைச்சா சிரிப்பும் வருது, பயமாவும் இருக்கு.

மலை இறங்கிச் சமவெளி வந்து காத்து சூடா அடிக்கும்போது, எங்கப்பன் தொண்டையைச் செருமிக்கிட்டு மெதுவாக் கேட்டாரு.

"ஏன் கண்ணு, நர்ஸுக்கு மாசம் எவ்வளவு சம்பளம் போடுவாங்க?"

நான் பக்கத்தைத் திருப்பி, முழங்கை எலும்புல இருந்து ஆரம்பிச்சேன்.